பார்வை குறைந்த பிறகு வீட்டையும் தெருவையும் திரும்பப் பழகுவது: முழுமையான வழிகாட்டி

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு இந்த வழிகாட்டி தேவைப்படாது. இதில் பாதிக்கு மேல் அவர்களுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே அத்துபடி. நாற்பது, ஐம்பது வயதில் சர்க்கரை நோயாலோ, கண் நரம்பைக் கெடுக்கும் கிளாக்கோமாவாலோ, ஆர்.பி. என்று சொல்லும் பரம்பரை விழித்திரை நோயாலோ பார்வை இறங்கிப்போய், அடுத்து எதைத் தொடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். நானும் ஆர்.பி. வழியாக இங்கே வந்தவன்தான்.

புதிதாகப் பார்வை இழந்தவர்கள் வீட்டில் முதலில் எழும் பேச்சு, விரலால் தொட்டுப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயில் கற்பது பற்றி. அது பிறகு. என் வரிசை வேறு: வீடு, அடுப்பு, மருந்து, பணம், போன், பிறகு வெள்ளைக் கோலும் தெருவும். கண் நன்றாக இருந்தபோது பொருளை எங்கே போட்டாலும் கண் தேடிக் கொடுத்துவிடும். அந்தத் தேடும் வேலையை இனி இடம்தான் செய்ய வேண்டும். எது எங்கே என்பது நிலையாக இருந்தால் பாதிப் பிரச்சினை தானாகவே விலகும்.

முதல் படி: மிச்சம் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பார்வை போய்விட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது எந்த மாதிரி மிச்சம் என்பதில்தான் விஷயம். கிளாக்கோமாவிலும் ஆர்.பி.யிலும் பெரும்பாலும் ஓரப் பார்வை முதலில் போகும், நடுப்பகுதி நிற்கும். குழாய் வழியாகப் பார்ப்பது மாதிரி. அதனால்தான் பேப்பர் படிக்கிறவர் காலடியில் கிடக்கும் முக்காலியில் இடித்துக்கொள்கிறார், வீட்டில் இருப்பவர்கள் “நடிக்கிறார்” என்கிறார்கள். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டவர்களுக்கு நேர்மாறு: தெருவில் தாராளமாக நடப்பார்கள், எதிரே நின்று சிரிக்கும் சொந்தக்காரரை அடையாளம் தெரியாது. “கண்டும் காணாமல் போறான்” என்ற பழி இவர்களுக்குத்தான் விழும்.

வழக்கமான கண் பரிசோதனையோடு நிற்காமல், ‘லோ விஷன்’ (குறைபார்வை) பிரிவு இருக்கும் மருத்துவமனைக்கு ஒருமுறை போங்கள். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. எந்த உருப்பெருக்கி, எந்த நிறக் கண்ணாடி, எந்த வெளிச்சம் உங்களுக்கு ஒத்துவரும் என்று அங்கே உட்கார்ந்து சோதித்துப் பார்க்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியது நிற வேறுபாட்டைக் கூட்டுவது. வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு தெரியாது, எவர்சில்வர் தட்டோ கண்ணைக் கூசும். கருநீலத் தட்டுக்கு மாறினால் தயிர்சாதம் எங்கே இருக்கிறது என்று தெரியும். படிக்கட்டு விளிம்பில் மஞ்சள் டேப் ஒட்டுங்கள். கூரை விளக்கை இன்னும் பிரகாசமாக மாற்றுவதைவிட, படிக்கும் இடத்தில் ஒரு சின்ன மேசை விளக்கைத் தாழ்வாக வைப்பது நல்ல பலன் தரும்.

இன்னொன்று, பலர் வெளியே சொல்லப் பயப்படுவது. பார்வை வெகுவாகக் குறைந்த சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும்: சுவரில் கோலம் மாதிரி கட்டங்கள், வாசலில் நிற்கும் குட்டி மனிதர்கள், பூக்கள், முகங்கள். சத்தம் எதுவும் வராது, படம் மட்டும். இதற்குச் சார்லஸ் போனே நோய்க்குறி என்று பெயர். 1760இல் தன் தாத்தாவுக்கு இப்படித் தெரிந்ததை எழுதிவைத்த சுவிஸ் அறிஞரின் பெயர் அது. கண்ணிலிருந்து தகவல் வராதபோது மூளை தானே படம் வரைந்துகொள்கிறது, அவ்வளவுதான். மனநோயும் இல்லை, காற்று கருப்பும் இல்லை. மந்திரிக்கப் போகாமல் கண் டாக்டரிடம் சொல்லுங்கள். உருவங்கள் பேசினாலோ, அவை நிஜம் என்றே தோன்றினாலோ அது வேறு விஷயம், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: வீட்டுக்குச் சட்டம் போடுங்கள்

குடும்பத்தார் எல்லோரையும் உட்காரவைத்து நான்கு விஷயங்களைக் கறாராகப் பேசிவிடுங்கள். கதவு ஒன்று முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லை முழுக்கச் சாத்தியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவின் விளிம்பு நெற்றியைப் பிளக்கும். நாற்காலியை விட்டு எழுந்தால் மேசைக்கடியில் தள்ளிவிட வேண்டும். நடக்கும் வழியில் செருப்பு, சார்ஜர் வயர், வாளி, பையன்களின் பள்ளிப் பை எதுவும் கூடாது. எடுத்த பொருள் எடுத்த இடத்துக்கே போக வேண்டும். சுத்தம் செய்கிறேன் என்று சொல்லாமல் இடம் மாற்றுவதுதான் இதில் பெரிய குற்றம். வீட்டு வேலைக்கு வருபவர்களிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

நடக்கும்போது சுவரைத் தடவிக்கொண்டே போவீர்கள். விரல் நுனியை முன்னே நீட்டாதீர்கள். விரல்களை லேசாக மடக்கி, புறங்கைப் பக்கம் சுவரில் உரசும்படி வைத்தால் கதவுச் சட்டத்தில் மோதினாலும் விரல் மடங்கிக்கொள்ளும், நகம் பிய்யாது. பழகாத அறையில் ஒரு கையை முகத்துக்குக் குறுக்கே, உள்ளங்கை வெளியே பார்க்க, ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள்.

கீழே விழுந்த பொருளைத் தேடுவதற்கும் ஒரு முறை உண்டு. விழுந்ததும் நகராமல் சத்தம் எங்கே நின்றது என்று கேளுங்கள். அந்தத் திசைக்குத் திரும்பி, குனியாமல் முதுகை நேராக வைத்து உட்காருங்கள். குனிந்தால் மேசை விளிம்பு காத்திருக்கும். உட்கார்ந்த பிறகு கையைச் சின்ன வட்டமாகச் சுழற்றி, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை: “அங்க இருக்கு பாருங்க” என்பதால் யாருக்கும் பயனில்லை. “உங்க வலது கைப் பக்கம், மேசை ஓரத்துல” என்று சொல்லுங்கள். அறைக்குள் வந்தால் குரல் கொடுங்கள், போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள். ஆள் போனது தெரியாமல் சுவரோடு பேசிக்கொண்டிருப்பது மாதிரி அவமானம் வேறில்லை.

மூன்றாம் படி: அடுப்படி

வீட்டார் “கிட்டவே போகாதே” என்று முதலில் பறித்துக்கொள்ளும் இடம் இதுதான். ஆனால் இடம் மாறாமல் வைக்கும் பழக்கம் நம் அடுப்படியில் முன்பே இருக்கிறது. அஞ்சறைப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கடுகு எந்தக் கிண்ணம், சீரகம் எந்தக் கிண்ணம் என்பது பல வீடுகளில் பல வருடமாக மாறுவதில்லை. தொட்டாலே தெரியும்: கடுகு உருண்டை, வெந்தயம் கட்டைகட்டையாக முனை வைத்தது, சீரகம் நீளம். மிளகாய்த் தூளையும் மஞ்சள் தூளையும் மட்டும் விரலால் சோதிக்காதீர்கள், அந்த விரல் பிறகு கண்ணுக்குப் போகும். மிளகாய்த் தூள் கிண்ணத்தில் மட்டும் ஒரு மரக் கரண்டி போட்டுவையுங்கள், மற்றதில் எவர்சில்வர். சர்க்கரையோடு குழம்பாமலிருக்கத் தூள் உப்பை விட்டுக் கல் உப்புக்குத் திரும்புங்கள்.

அடுப்பில் வரிசை முக்கியம். முந்தானையை, தொங்கும் துப்பட்டாவை இடுப்பில் செருகுங்கள். அடுப்பு அணைந்து ஆறியிருக்கும்போதே பாத்திரத்தை வைத்து, சுற்றிலும் தடவி, நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோ இக்னிஷன் அடுப்பு என்றால் அப்படியே பற்றவைக்கலாம். லைட்டர் என்றால் முனையைப் பர்னர் ஓரத்தில் தொடவைத்து, பிறகுதான் குமிழைத் திருப்ப வேண்டும். பற்றினால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம், கூடவே கையில் சூடு. இரண்டு முறை அழுத்தியும் பற்றவில்லையா, குமிழை மூடிவிட்டு, வாயு கலையும்வரை பொறுங்கள். சிம்மில் இருக்கிறதா, முழுதாக எரிகிறதா என்பது குமிழின் நிலையில் கைக்குத் தெரியும், சத்தத்திலும் தெரியும்.

தாளிப்பு முழுக்கக் காதின் வேலை. எண்ணெய் ஊற்றியதும் இரண்டு கடுகு போட்டு மூடுங்கள். பொரியத் தொடங்கினால் எண்ணெய் தயார். சோற்றுக்குத் தண்ணீர் அளவு பாட்டிகள் பார்த்த மாதிரிதான்: விரல் நுனி அரிசியைத் தொட, முதல் கணு வரை தண்ணீர். குக்கரில் விசில் எண்ணப் போகிறீர்கள், அதில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை. பால்தான் தொல்லை, பொங்கும்வரை சத்தமே போடாது. அதற்கு விசில் அடிக்கும் இரட்டைச் சுவர் பால் குக்கர் பாத்திரக் கடையில் கிடைக்கும். சுவரின் நடுவே தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது.

சூடான காபியை ஊற்ற, டம்ளரை டவராவுக்குள் நிறுத்துங்கள். சிந்தினாலும் டவராவோடு போகும். பாத்திர மூக்கு டம்ளர் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மெதுவாகச் சாய்த்தால், டம்ளர் நிறைய நிறைய ஊற்றும் சத்தம் மெலிந்து மேலே ஏறும். பச்சைத் தண்ணீரில் இதைக் காது பிடிபடும்வரை பழகிவிட்டுச் சூட்டுக்கு வாருங்கள்.

காய் நறுக்கப் பயிற்சி மையங்களில் கத்தியும் பலகையும்தான் சொல்லித்தருவார்கள், விரல்களை உள்ளே மடக்கி, கணுவை ஒட்டிக் கத்தி இறங்கும்படி. நல்ல முறைதான். ஆனால் வருடக்கணக்காக அரிவாள்மணையில் நறுக்கியவர் அதை விடத் தேவையில்லை என்பது என் கட்சி. கத்தி கையோடு அலையும், அரிவாள்மணை வைத்த இடத்தில் நிற்கும். நறுக்கி முடித்த அதே நொடியில் மடக்கிவைப்பதும், அந்த நேரத்தில் குழந்தைகள் அருகில் இல்லாததும் மட்டும் கட்டாயம்.

தோசைக்கு முன் இட்லி பழகுங்கள். தோசையில் மாவு விட்டவுடன் வரும் ஈரச் சத்தம் அடங்கி, ஓரம் திருப்பியில் தானாக ஏறும்போது திருப்ப வேண்டும். முதல் சில தோசைகள் என்ன வடிவத்தில் வந்தாலும் வயிற்றுக்குள் ஒன்றுதான்.

நான்காம் படி: மருந்து

மாத்திரை அட்டைகள் எல்லாம் தடவினால் ஒரே மாதிரி இருக்கும். பார்வையுள்ள ஒருவரோடு உட்கார்ந்து, காலை மாத்திரைக்கு ஒரு ரப்பர் பேண்ட், இரவுக்கு இரண்டு என்று சுற்றிவிடுங்கள். வாரப் பெட்டியில் பிரித்துவைப்பது இன்னும் சௌகரியம். தைலப் புட்டியும் கண் சொட்டு மருந்தும் ஒரே அலமாரியில் இருக்கவே கூடாது.

கண் சொட்டு விழுந்ததா இல்லையா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். குளிரில் வைக்கலாம் என்று மருந்துக்கடையில் உறுதி செய்துகொண்டு, புட்டியை ஃப்ரிட்ஜில் வையுங்கள். சொட்டு குளிர்ச்சியாக விழுந்தால் தெரிந்துவிடும். கீழ் இமையை இழுத்துச் சொட்டை விட்டுவிட்டு, கண்ணை மூடி மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. இன்சுலின் பேனாவில் கிளிக் சத்தத்தை மட்டும் எண்ணி அளவு வைக்காதீர்கள். உங்கள் டாக்டரிடம் இதற்கென்று தனியாகக் கேட்டு, செவிலியர் முன்னால் செய்துகாட்டிய பிறகே தனியாகப் போட வேண்டும்.

ஐந்தாம் படி: பணம்

2016க்குப் பிறகு வந்த புதிய நோட்டுகளில் 100, 200, 500 மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நீளம் மட்டும் நான்கு நான்கு மில்லிமீட்டர் கூடும்: 142, 146, 150. 50 ரூபாய் 135. 20ம் 10ம் இன்னும் சின்னவை: 129, 123, அகலம் 63. கேட்க எளிதாக இருக்கிறது. கடைக்காரர் பழைய நோட்டு ஒன்றைக் கலந்து கொடுத்தால் கணக்கு போச்சு. பழைய வரிசை 100 ரூபாய் 157 மில்லிமீட்டர், அதாவது புதிய ஐந்நூறைவிட நீளம். பழைய 10 ரூபாய் 137, புதிய ஐம்பதுக்கு அண்ணன். அதனால் நீளத்தை மட்டும் நம்பாதீர்கள். பழைய நூறு அகலமும் அதிகம், 73. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

புதிய நோட்டுகளின் இரு ஓரங்களிலும் மேடான சாய்கோடுகள் உண்டு: ஐந்நூறில் ஐந்து, இருநூறில் நான்கும் நடுவே இரண்டு வட்டமும், நூறில் நான்கு. மொடமொடப்பான நோட்டில் நகத்துக்குத் தெரியும். நான்கு மழையில் நனைந்து வந்த நோட்டில் தெரியாது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் வெளியிட்ட ‘மானி’ செயலி போன் கேமரா வழியாகப் பார்த்து நோட்டின் மதிப்பைச் சொல்லும், இணையம் இல்லாமலே. அது கள்ள நோட்டைக் கண்டுபிடித்துத் தராது.

என்ன இருந்தாலும் தினப்படிக்கு உதவுவது மடிப்புதான். வீட்டில் நிதானமாக, ஒரு ஆளை வைத்துப் பிரித்து, ஐந்நூறை நீளவாக்கில், இருநூறை நான்காக, நூறை இரண்டாக மடித்து, மற்றதை அப்படியே விட்டு, பர்ஸில் ஆளுக்கொரு அறையில் வையுங்கள். கடையில் நோட்டை நீட்டும்போது “ஐந்நூறு தர்றேன்” என்று சத்தமாகச் சொல்லிக் கொடுங்கள். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கும். மீதியை வேறொரு பையில் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் பிரிக்கலாம். நாணயத்தில் 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம், விரலில் மூலைகள் படும். மற்றவற்றில் பழசும் புதுசும் கலந்து கிடப்பதால் நான் சில்லறையோடு சண்டை போடுவதில்லை.

வங்கியில் “பார்வையில்லாதவருக்குச் செக் புத்தகம் கிடையாது, ஏ.டி.எம். அட்டை கிடையாது” என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. எழுத்தில் மறுக்கச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் பேச்சு மாறும்.

ஆறாம் படி: போன்

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் வசதி ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்றும், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்றும் முன்பே இருக்கிறது. டாக்பேக், போன் அமைப்புகளின் (செட்டிங்ஸ்) ‘அணுகல்தன்மை’ பகுதியில் இருக்கும். ஒலி விசைகள் இரண்டையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் ஓடும்படி குறுக்குவழி வைத்துக்கொள்ளலாம்.

ஓட ஆரம்பித்ததும் தொடுதிரையின் இலக்கணமே மாறிவிடும். ஒரு விரலால் தொட்டால் அங்கே என்ன இருக்கிறது என்று வாசிக்கும், திறக்காது. வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது. திறக்க இரண்டு முறை தட்ட வேண்டும். பக்கத்தை நகர்த்த இரண்டு விரல். இந்த நான்கும் கைக்கு வரும்வரை வேறெதையும் தொடாதீர்கள். வீட்டில் யாராவது போனை வாங்கி, “ஏதோ கெட்டுப்போச்சு, திறக்கவே மாட்டேங்குது” என்று டாக்பேக்கை அணைத்துவிட்டுத் தருவார்கள். அதற்காகத்தான் அந்தக் குறுக்குவழி.

டாக்பேக் வாசிக்கப் பயன்படுத்தும் கூகுள் குரலில் தமிழை இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் மெதுவாக வைத்து, வாரத்துக்கு வாரம் வேகத்தைக் கூட்டுங்கள். யு.பி.ஐ. ரகசிய எண் போடும்போது காதில் இயர்போன் இருக்க வேண்டும். டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கும் வசதியும் உண்டு. போன் ஓடும், திரை இருண்டிருக்கும், பின்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. பார்வையுள்ளவர்களுக்கே இல்லாத சலுகை இது.

கணினி வேண்டுமென்றால் என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம். பால் பாக்கெட் தேதி, கரண்ட் பில் தொகை போன்ற சின்னச் சந்தேகங்களுக்கு ‘பி மை ஐஸ்’ செயலியில் ஒரு தன்னார்வலர் வீடியோவில் பார்த்துச் சொல்வார். வங்கிக் காகிதத்தை அங்கே காட்டாதீர்கள்.

ஏழாம் படி: கோலும் தெருவும்

இந்தப் படியை மட்டும் படித்துக் கற்க முடியாது. பயிற்சியாளர் வேண்டும். பூந்தமல்லியில் மத்திய அரசின் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. மதுரையில் 1985இல் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அங்கே விசாரியுங்கள். போகும் முன் தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவு:

கோலை நேராக நிறுத்தினால் நெஞ்செலும்பின் கீழ்முனை வரையாவது வர வேண்டும். வேகமாக நடப்பவருக்கு இன்னும் நீளம். பிடி தொப்புளுக்கு நேரே, ஆள்காட்டி விரல் கோலின் மேல் நீட்டி, அசைவு மணிக்கட்டில் மட்டும். வலது கால் முன்னே போகும்போது கோல் முனை இடப்பக்கம் தொட வேண்டும், இடது கால் போகும்போது வலப்பக்கம். அடுத்து எடுத்துவைக்கப் போகும் காலுக்கான இடத்தைக் கோல் முன்கூட்டியே தொட்டுப் பார்க்கிறது. தோள் அகலத்துக்குச் சற்றே கூடுதலாக வீசினால் போதும். அதற்கு மேல் வீசினால் அடுத்தவர் காலில்தான் மாட்டும்.

கோல் கீழே இருப்பதைத்தான் சொல்லும். நிறுத்தியிருக்கும் லாரியின் பின்பலகை, தாழ்ந்த கிளை, கடை வாசலில் தொங்கும் விளம்பரப் பலகை இவையெல்லாம் கோலுக்கு மேலே இருப்பவை. முன்விளிம்பு வைத்த தொப்பி பாதி அடியைத் தாங்கும். ஐ.ஐ.டி. டெல்லி உருவாக்கிய ‘ஸ்மார்ட் கேன்’ மீயொலியால் மேலே இருப்பதையும் உணர்ந்து கைப்பிடியில் அதிரும்.

மழை பெய்யும்போது தெருவின் சத்தமெல்லாம் ஒன்றாகிவிடும், முடிந்தால் போகாதீர்கள். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வருவது எனக்கு இப்போதும் கேட்பதில்லை. ரோடு தாண்ட உதவி கேளுங்கள், ஆனால் கையைப் பிடித்துத் தள்ள விடாதீர்கள். “நான் உங்க கையைப் பிடிச்சுக்கிறேன் சார்” என்று அவர் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்து, அரை அடி பின்னால் நடங்கள். அவர் படி ஏறுவதும் இறங்குவதும் அந்தக் கை வழியாகவே உங்களுக்குத் தெரியும். பஸ் வந்தால் ஏறும் முன்பே கண்டக்டரிடம் வழித்தடத்தைக் கேட்டு, இறங்கும் இடத்தை அப்போதே சொல்லிவைப்பது நல்லது.

எட்டாம் படி: காகிதங்கள்

இதை மற்றப் படிகளோடு சேர்த்தே தொடங்கிவிடுங்கள், மாதக்கணக்கில் இழுக்கும். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் யூ.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். முடியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகலாம். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்பது எல்லை.

குழாய்ப் பார்வைக்காரர்கள் இதைக் கவனியுங்கள். எழுத்து அட்டையை நன்றாகப் படித்துவிட்டால் சான்றிதழ் கிடைக்காது என்று யாராவது சொல்லலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பார்வைப் பரப்பு 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அதுவும் பார்வையின்மைதான், 40 டிகிரிக்குக் கீழே என்றால் குறைபார்வை. பார்வைப் பரப்புச் சோதனை அறிக்கையைக் கையோடு எடுத்துப்போங்கள்.

அரசு வேலையில் இருப்பவர்கள், தயவுசெய்து ராஜினாமாவோ விருப்ப ஓய்வோ எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். பணிக்காலத்தில் குறைபாடு வந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று அதே சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு இடம் தர வேண்டும், இடம் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். வீட்டில் இருப்பவர்களே அனுதாபத்தோடு கையெழுத்துப் போடச் சொல்வார்கள், போடாதீர்கள்.

துளியும் பார்வை இல்லாதவர்களுக்கு ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு, கூட வருபவருக்கும் சேர்த்து. ரயில்வே கேட்கும் சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும்.

கடைசியாக, பிரெயில்

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் வந்தது, தமிழும் அதில்தான். ஐம்பது வயதில், அதுவும் சர்க்கரை நோயால் விரல் மரத்தவர்களுக்கு, புத்தகம் படிக்கும் வேகம் வருவது கடினம். எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டால் டப்பாக்களில் ‘து’, ‘உ’, ‘க’ என்று ஒட்டிவைக்க ஆகும், லிஃப்ட் பொத்தான் படிக்க ஆகும். புத்தகத்துக்கு ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகம் 2016இலிருந்து இருக்கிறது. அதில் சேர அதன் உறுப்பு அமைப்பு ஒன்றில் பதிவு செய்ய வேண்டும், சான்றிதழின் நகல் கேட்பார்கள். பயிற்சிக்குப் பேரைக் கொடுக்கப் போகும் அன்றே இதையும் கேட்டுவிடுங்கள், தனியாக ஒரு பயணம் மிச்சம்.